கரைக்கு வந்த போத்தல்கள்

1974 ஒக்ரோபர் 14, திங்கள்
விடியத் தூறல். பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம். மண்ணெண்ணெய், பாண் ஒரு றாத்தல்.
தம்பி அன்ரன் சனிக்கிழமை கடலுக்குப் போனவன். இன்னும் திரும்பவில்லை. கடைசியாகக் கண்டவர் கிண்ணியாக் காசிம் காக்கா. புறாமலைத் தீவுக்கு அப்பால். "எஞ்சின் நிண்டுபோச்சு மாஸ்டர். கயிறு தாறன் எண்டன். வேணாம், சரிபண்ணிருவன் எண்டான்."
வீம்பு பிடித்தவன். அழுகை வரவில்லை.

15, செவ்வாய்
போட்டுகள் தேடிப் போய் வெறுமனே திரும்பின. மழை.
போன வருஷம் இதே மாதம், இதே இடத்தில், என் சோதனைப் படிப்புக்காக அன்ரன் போத்தல்கள் எறிந்தான். கடலுக்குப் போகும்போதெல்லாம், தன் பாட்டில், நான் கூட இல்லாமல். உள்ளே என் விலாசம், எறிந்த திகதி. கரையில் எடுத்தவர்கள் கொண்டுவந்தார்கள், தேத்தண்ணி கொடுத்தேன். எத்தனை நாளில் வந்தது என்று துண்டில் எழுதினேன்.
புள்ளிவிபரத்தில் இதற்குப் பெயர் நேர்மாறு கவுசியன் பரம்பல். அலைக்கழிந்து மிதக்கும் பொருள் கரையை முதன்முதலில் தொட எடுக்கும் நாள்கள். அடுக்குக்குறிக் குடும்பம் என்ற வகையைச் சேர்ந்தது, ஆகவே வந்த போத்தல்களின் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டுத்தொகை போதும்: நாள்களினது ஒன்று, ஒன்றை நாளால் வகுத்தவற்றினது மற்றது. கூட்டிக் கொப்பியில் எழுதியதும் துண்டுகள் குசினி அடுப்புக்குப் போயின. அப்போது பெருமை வேறு.
சராசரி ஆறு நாள்.

16, புதன்
தம்பி பெண்சாதி மேரியிடம் கரைசேர ஆறு நாள் என்று சொல்லிவிட்டேன். கலண்டரில் வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள். ஊர் முழுக்கச் சொல்லியும்விட்டாள். என் வாயை என்ன செய்ய.
சவர்க்காரம் முடிந்துவிட்டது.

17, வியாழன்
காசிம் காக்கா வந்தார். கதிரையில் இருக்கவில்லை. கணக்கைக் காட்டினேன்.
"இதெல்லாம் வந்த போத்தல்தானே. வராதது?"
"வராததை எப்பிடி எழுதுறது, காக்கா?"
"அதைத்தான் மாஸ்டர் கேக்கிறன்."
அவர் போனபின் படிப்புப் புத்தகத்தை எடுத்தேன். கரைக்கு இழுக்கும் நீரோட்டம், கரையைவிட்டு அதே வேகத்தில் வெளியே இழுக்கும் நீரோட்டம். இரண்டிலும் வந்து சேர்ந்தவற்றின் நாள்கள் ஒரே பரம்பல். வந்தவற்றை மட்டும் வைத்து எது என்று சொல்லவே ஏலாது. இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். சரி.
வெளியே இழுத்தால் ஒரு பங்குதான் வரும். மீதி ஒருநாளும் வராது. அந்தப் பங்கு தெரிய, எறிந்தது எத்தனை என்று தெரிய வேண்டும்.
கொப்பி முழுக்கத் தேடினேன். அலுமாரியிலும்.

18, வெள்ளி
வெயில். மேரி தலைமுழுகி, சோறு காய்ச்சி, கறி மூடிவைத்திருந்தாள்.
"இண்டைக்கு ஆறாம் நாள் எல்லே, அத்தான்?"
"ஓம்" என்றேன்.
எத்தனை போத்தல் எறிந்தது என்று நான் எழுதிவைக்கவில்லை. அன்ரனுக்குத்தான் தெரியும்.