வயிறு மட்டும் தெரிந்த விமானம்

பணிநாள் 212. காலை 06:10

ஐந்தாம் பனிக்கிடங்கு, நிலாவின் தென்முனை. காற்றழுத்தம் சரி. கொதிகலன் இரண்டும் ஓடுகின்றன. உருக்கிய தண்ணீர் தொட்டியில் முக்கால். அடியில் தங்கிய உப்பை வழித்துக் கொட்டினேன். வெளிக்கதவை உள்ளேயிருந்து கையால் திருகினால்தான் திறக்கும். திருகிப் பார்த்தேன், இறுக்கமில்லை.

பணியில் ஒரே ஆள், சுடலைவடிவு. உப்புக் காய்ச்சத் தெரிந்தவர்கள் வேண்டுமென்று கூட்டி வந்தார்கள். இதை எடுத்துப் படிக்கிறவருக்கு ஒன்று: நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் படிக்கப் பள்ளிக்கூடம் இல்லை, எரித்துவிட்டார்கள். பிழை இருந்தால் எரித்தவர்களைக் கேளுங்கள்.

212. மாலை 19:40

தனியாளாக இருப்பவர்கள் கைவேலை ஏதாவது செய்ய வேண்டும் என்பது நடுநிலையத்தின் உத்தரவு. மற்றக் கிடங்குகளில் கம்பளி பின்னுகிறார்கள். நான் போர்விமானம் செய்கிறேன். தண்ணீர்ப் போரில் எங்கள் உப்பளத்துக்கு மேலே வந்த அதே விமானம், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. சாப்பாட்டுத் தட்டை வெட்டி ஒட்டி, இடுக்கில் பசைமாவு அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். முழங்கை நீளம் வரும்.

நடுநிலையத்தில் வேலை பார்க்கும் பேத்தி மலர்க்கொடி பெயிண்ட் அனுப்பியிருக்கிறாள்.

"என்னத்துக்கு ஆச்சி இந்தச் சனியன்? ஒரு பூந்தொட்டி செய்யக் கூடாதா?"

கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

219. பகல் 11:05

வயிற்றுப் பக்கம் முதல் கோட், வெளிர்நீலம். காய்வதற்குள் சரக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. நிலாத்தூசி மாவைவிடப் பொடி. கதவு திறந்தால் உள்ளே பறந்து எல்லாவற்றிலும் ஒட்டும். ஈரப் பெயிண்டில் பட்டால் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். வண்டியைக் காக்க வைத்தேன். ஆளில்லா வண்டி, அதற்கென்ன மூச்சா முட்டும்.

"ஆச்சி, மேலதிகாரி ஏசுதாரு. பெயிண்ட் காயணும்னு வண்டிய நிப்பாட்டி வச்சேன்னு எழுதவா?"

எழுது என்றேன்.

226. மாலை 20:15

வயிறு முடிந்தது. படம் எதையும் பார்க்கவில்லை. போருக்குப் பிறகு படங்களையெல்லாம் அழித்துவிட்டார்கள், சமாதானமாம். எனக்குப் படம் வேண்டாம். அன்று காலை வெயிலில் பாத்தி முழுக்க உப்பு. அந்த வெளிச்சம் மேலே அடித்து விமானத்தின் வயிற்றில் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. வாலோரம் எண்ணெய் ஒழுகிய கறுப்புக் கோடு. இடது சக்கரக் கதவின் அருகே வெற்றிலை அளவுக்கு ஓர் ஒட்டு, வேறு நீலத்தில். அந்த நீலம் வருவதற்குள் மூன்று தரம் கலந்து கொட்டினேன்.

உப்பு வாரும் பலகையை, அந்த நீளக் கம்போடு, அம்மா எங்கள் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். பலகை எதைத் தடுக்கும்? தம்பி கொம்பையா அதைப் பார்த்துச் சிரித்தான். குண்டில் இரண்டு பேரும் போனார்கள். நான் வாய்க்காலில் கிடந்தேன்.

விமானத்தின் மேல்பக்கம் இன்னும் வெறும் பிளாஸ்டிக். மேலே எப்படி இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்.

233. மாலை 18:50

ஆறாம் கிடங்கின் காவலர் பரஞ்சோதி. தினமும் மாலையில் வானொலியில் வருவார். முதுகுவலி என்றால் ஒத்தடம் சொல்வார். இன்று விமானத்தைப் பற்றிச் சொன்னேன். பேசியது அப்படியே:

"ஏனுங்கம்மிணி, அந்த வண்டியா? மேல ரெண்டு பச்சை, ஒரு காவி. இடது றெக்கை ஒடம்போட சேர்ற எடத்துல பெயிண்ட் தேஞ்சு தகரம் பளபளங்கோணும். ஏர்றப்ப பூட்ஸ் வெக்கிற எடமுங்க."

"பக்கத்துல நின்னு பாத்த மாதிரில்லா சொல்லுதீங்க அண்ணாச்சி."

"ரெண்டு வருசம் ஓட்டுனனுங்க. சின்ன வயசு."

"வயித்துல, இடது சக்கரக் கதவுகிட்ட ஒரு ஒட்டு உண்டுமா? வேற நீலத்துல?"



"அது என்ற வண்டியில, நான் ஓட்டுனதுல மட்டுந்தானுங்க. நீங்க எங்க பாத்தீங்க?"

"கீழ கிடந்து பாத்தேன்."

இணைப்பை அவர்தான் துண்டித்தார்.

240. நேரம் பார்க்கவில்லை

ஒரு கொதிகலன் நின்றுவிட்டது. நிற்கட்டும். பச்சை அடிக்கிறேன், அவர் சொன்னபடியே. இத்தனை மாதமும் அந்தக் குரலிடம் முதுகுவலி சொல்லியிருக்கிறேன். ஒத்தடம் கொடுத்துமிருக்கிறேன். வலி விட்டது. அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

244. காலை 07:30

நடுநிலையத்திலிருந்து:

"ஆச்சி, ஆறாம் கிடங்குல காத்து மிஷின் தீப்பிடிச்சிட்டு. பரஞ்சோதி தாத்தா வண்டியெடுத்து உன்கிட்டதான் வாராரு. பக்கத்துல வேற கிடங்கு கிடையாது. உடுப்புல உள்ள காத்து அங்க வந்து சேர்ந்து அரைமணி நேரத்துக்குத்தான் காணும். கதவுகிட்டயே நில்லு."

நின்றேன். பிறகு மேசைக்கு வந்தேன். பூட்ஸ் வைக்கும் இடத்தில் வெள்ளிப் பெயிண்ட் தொட்டு வைத்தேன். வண்டி வரும் புழுதி தெரிந்ததும், மற்ற இடத்துக்குக் கடைசிக் கோட் பச்சை.

244. 09:12

வந்துவிட்டார். வாசல் கண்ணாடியில் தெரிகிறார், குரல் உடுப்பு வானொலியில். கிழவர்.

"அம்மிணி, தொறங்க."

"மேலருந்து எங்களப் பாத்தீரா?"

"இப்ப எதுக்குங்க அது?"

"பாத்தீரா வே?"

"வெள்ளையாத்தான் இருந்துச்சு. உப்பு மேல மூணு நெழலு. ஒரு பொம்பள நீளமா என்னமோ தூக்கிப் புடிச்சா. துப்பாக்கின்னு நெனச்சேன். சத்தியமா துப்பாக்கின்னு தானுங்க நெனச்சேன். தொறங்கம்மிணி."

அறுபது வருடமாக அந்தப் பலகை எங்களைக் காப்பாற்றவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

244. 09:20

"ஆச்சி, உனக்கு என்ன ஆச்சு? திற. அவரு செத்துட்டா நான் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

பெயிண்ட் ஈரமா இருக்குட்டி, தூசி பட்டுரும் என்றேன். அவள் அழுதாள். வானொலியை அணைத்தேன்.

244. 09:31

கதவை உதைக்கிறார். சத்தமில்லை, தரை அதிர்கிறது. இடது கால் பூட்ஸ்.

244.

அதிர்வு குறைந்திருக்கிறது. இன்னும் இருக்கிறது. கொம்பையாவுக்கு ஆறு வயது. மலர்க்கொடிக்கு அவன் சிரிப்பு.

விமானத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது.

இன்னொரு கோட் அடிக்கிறேன்.