பெனினா தந்த இரண்டாவது குழாய்

மார்ச் 4, திங்கள்
இன்றும் பச்சைச் சளி. "சூடான கோன்ஜா" என்று கூவ வாயைத் திறந்தால் இருமல்தான் வருகிறது. பக்கத்து அடுப்பில் பெனினாவும் கோன்ஜா வாழைப்பழம்தான் சுடுகிறாள். "தியோபிஸ்டா, நீ இருமு, நான் விக்கிறேன். கூட்டு வியாபாரம்" என்கிறாள்.

மார்ச் 6, புதன்
டாக்டர் அச்சேங் கண்ணாடித் தட்டைக் காட்டினார். பழைய காசநோய் கிழித்த என் நுரையீரலில் ஏழு வருடமாகக் குடியிருக்கும் கிருமி. என் ரத்தம் உறைந்ததும் மேலே தெளியும் மஞ்சள் நீரில் அதைப் போட்டிருக்கிறார். சாகவில்லை. தட்டு நிறைய முளைத்திருக்கிறது. வாடகை கிடையாது, சாப்பாடு வேறு.
"உங்க ரத்தமே அதுக்குக் குடை பிடிக்குதோன்னு சந்தேகம்மா. நல்லா இருக்கிறவங்க ரத்தத்துல செத்துச்சுன்னா, மெஷின்ல உங்க நீரை எடுத்துட்டு வேற ஆளோடத ஏத்தலாம். அதுலயும் சாகலைன்னா கிருமியே முரடு. ஏத்திப் பிரயோசனமில்ல."
என் ரத்த வகையில் ஒரு ஆள் வேண்டுமாம்.

மார்ச் 11, திங்கள்
என் புருஷன் ஊசியைப் பார்த்ததுமே தரையில் உட்கார்ந்துவிட்டார். தந்தது பெனினா; அவளுக்கும் என் வகைதான். கடையை விட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வரமாட்டாளாம். சந்தை மருந்தகத்து நர்ஸ்தான் எடுத்தாள். "நீ போய்ட்டா நான் யாரோட சண்ட போடுறது?" என்றாள் பெனினா. குழாயை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 13, புதன்
அதிலும் முளைத்திருக்கிறது.

மார்ச் 14, வியாழன்
நான் விடுவதாக இல்லை. நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ரத்தம் ஆறிவிடக் கூடாதே என்று, அடுப்பிலிருந்து எடுத்த கோன்ஜாவுக்கு நடுவில் குழாயைச் செருகி, வாழையிலை சுற்றிக் கொண்டுபோனேனே— அதுவா? சொன்னால் முட்டாள் என்பாரோ? போய்ச் சொல்லிவிட்டேன்.
டாக்டர் தலையில் கைவைத்தார். "ரத்தத்துல கிருமியைக் கொல்ற சத்து அந்தச் சூட்டுலயே வெந்துபோச்சும்மா. ஐஸ்ல வரணும்."
இனி பெனினாவிடம் எந்த முகத்தோடு கேட்பது?

மார்ச் 15, வெள்ளி
இருக்கிற முகத்தோடு கேட்டேன்.
"என் ரத்தத்தைப் பழத்தோட சேத்துச் சுட்டியாடி?" சந்தையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் கையை நீட்டினாள். "எடு. என் ரத்தம் தோத்துச்சுன்னு எவளும் சொல்லக் கூடாது."
மீன்காரரிடம் ஐஸ் வாங்கிப் பொதிந்தேன். டாக்டர் மூக்கைச் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 18, திங்கள்
பெனினாவின் தட்டில் ஒன்றுகூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரி. அதே நீரில் என்னுடையதைப் பாதி கலந்த தட்டில் மட்டும் காடு. குடை பிடித்தது என் ரத்தம்தான். அடுத்த திங்கள் மெஷின்.

ஏப்ரல் 29, திங்கள்
சளி வெள்ளை. பச்சை திரும்பலாம் என்கிறார் டாக்டர். வரட்டும், பார்த்துக்கொள்வோம்.
காலையில் முதல் கூவல் என்னுடையது. பெனினா காதைப் பொத்திக்கொண்டாள்.
"அன்னைக்கு அந்த ஐஸை உருக விட்டிருக்கணும்."