எந்த டூட்டி

காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் சுகிர்தா எழுதத் தொடங்கினாள். தெருமுனையில் செருப்புக் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து புருஷன் பெஞ்சமின் வருவதற்குள் அவள் அந்த வேனில் வேலைக்குப் போயாக வேண்டும்.

“மாமா, நேத்து நீ தொடாமப் போன கருவாட்டுக் கொழம்பு அடுப்பு மேல கீது. சுட வெச்சித் துன்னு. உத்திரமேரூர் சோலார் கடை மோகன் அண்ணன் மாடிய அளக்க வராரு. தூங்கிடாத. மாடிச் சாவி ஆணியில கீது.”

பேனா நின்றது. நேற்று அவன், “டூட்டி ஏத்திட்டாங்க, பேனல் இப்ப வேணாம்” என்றான். கம்பெனியில் வேலை நேரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று நினைத்து, “அப்ப டூட்டியையே கட்டிக்கினு அழு” என்று சொல்லிவிட்டாள். அவனும் விளக்கவில்லை, சாப்பிடாமலே கிளம்பிப் போனான். வெளிநாட்டுப் பேனலுக்கு வரி ஏறிய கதையைக் காலையில் மோகன் போனில் சொன்னபோதுதான் அவளுக்கு விளங்கியது.

வேன் மறுபடியும் கத்தியது. எழுத்து கோணிக்கொண்டு ஓடியது.

“டூட்டின்னா வரின்னு எனக்கு இன்னா தெரியும்? வாயத் தொறந்து சொன்னா இன்னா? அண்ணன்கிட்ட பழைய ஸ்டாக் கீதாம், பழைய வெலைக்கே தராராம். வேணாம்னு சொல்லிடாத. பகல்ல கரண்ட் போய், ஃபேன் ஓடாம, நீ வேத்துக்கினு பொரண்டுக்கினு கெடக்கறத என்னால பாக்க முடில.”

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

“அவரு அளந்துட்டுப் போனதும் தூங்கு. இன்னிக்கு அதான் உன் டூட்டி.”