சிவப்புப் பொட்டு வைத்த இரண்டு வால்வுகள்

என் காது தேர்ந்தெடுத்த பெட்டியை உன் காது தேர்ந்தெடுத்ததாகப் பதுளை முழுக்கச் சொன்னாய். நீ உயிரோடு இருக்கும்போதே இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி இன்று என் வீட்டில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அதன் கண்ணாடி வால்வின் மேல் படிந்த தூசி கருகி ஒரு மணம் வருமே, அது இப்போதும் வருகிறது. உங்கள் வீட்டு மாடியில் அந்த மணத்தோடு கீழே கடையிலிருந்து மல்லியும் செத்தல் மிளகாயும் மணக்கும். இங்கே விறகுப் புகையும் காயாத உடுப்பும் மணக்கின்றன. மணத்தில்கூட உன்னுடையதுதான் உசத்தி.

உன் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் உன் மாமா பந்தியில் நின்றுகொண்டு சொன்னார்: "பாட்டுக் கேக்குறதுல அவனுக்கு இருந்த காது இந்த டவுன்ல எவனுக்கும் இல்ல." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிசைந்துகொண்டே இருந்தேன். அழுகையால் இல்லை. ஹாலிஎல வளைவில் மழைக்குள் உன் பைக் சறுக்கி நீ போனதற்கு அழுது முடித்திருந்தேன். செத்துப்போனவன் மேல் பொறாமைப்பட முடியும் என்று அந்த இலையின் முன்னால்தான் தெரிந்துகொண்டேன்.

நாம் ஒரே பெஞ்சில் உயர்தரம் படித்தோம். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நனைந்துபோய் நான் வந்து சேருவேன். உங்கள் பலசரக்குக் கடையோடு சேர்ந்த வீட்டிலிருந்து நீ பவுடர் பூசிக்கொண்டு நடந்து வருவாய். பரீட்சை முடிந்ததும் நீ உங்கள் கல்லாவில் உட்கார்ந்தாய். நான் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு போட்டோகொப்பிக் கடையில் நின்றேன், இன்னும் நிற்கிறேன். நம்மைச் சேர்த்து வைத்தது உங்கள் மாடியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த இசைத்தட்டுகள். அவற்றைக் கேட்க நீ கொழும்பிலிருந்து ஒரு டர்ன்டேபிள் வாங்கினாய். ஊசியிலிருந்து வரும் ஓசை அவ்வளவு சின்னது, அப்படியே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஒன்றும் கேட்காது, நடுவில் அதைப் பெரிதாக்கிச் சீராக்க போனோ பிரீஆம்ப் என்று ஒரு பெட்டி வேண்டும் என்று தேடிப் படித்துச் சொன்னவன் நான். என்னிடம் இருந்தது போன் மட்டும். உன்னிடம் மீதி எல்லாம் இருந்தது.

பண்டாரவளைக்கு ரயிலில் போனோம். டர்ன்டேபிளைப் பெட்ஷீட்டில் சுற்றி, பிறந்த பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தேன். ஸ்டேஷனுக்கு மேலே பழைய ரேடியோவும் அம்ப்ளிபயரும் விற்கும் முஸ்லிம் கடைக்காரர், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று கையடக்கமான தகரப் பெட்டி. வால்வு கிடையாது, சூடாகாது, சார்ஜர் மாதிரி ஒரு அடாப்டரில் ஓடும். மற்றது கனமானது. பழைய ரேடியோவுக்குள் பல்பு மாதிரி எரியுமே, அப்படி இரண்டு கண்ணாடி வால்வுகள் மேலே எட்டிப் பார்த்தன.

நீ சின்னதைத்தான் தொட்டாய். "இது போதும் மச்சான். பல்பு மாத்துற வேலை இல்ல."

நாம் கொண்டுபோன நாதஸ்வரத் தட்டை நானா இரண்டிலும் ஓடவிட்டார். சின்னதில் எல்லாம் சுத்தமாகக் கேட்டது, கீறலும் சேர்த்து. வால்வுப் பெட்டியில் நாதஸ்வரம் கடைக்குள்ளேயே வந்து நின்றது. "இதுல சத்தம் கொஞ்சம் கொழுப்பா வரும் தம்பி. சில பேருக்குப் பிடிக்கும், சில பேருக்குத் திகட்டும்" என்றார் நானா.

நீ என்னைப் பார்த்தாய். "நீ சொல்லு. உன் காதுதான் சரி."

இந்த வார்த்தையை நீ சொன்னாய். அந்த நானாவே சாட்சி. நான் வால்வு என்றேன். நீ பணத்தை எண்ணி வைத்தாய்.

நானா பென்சிலால் வால்வைத் தட்டிக் காட்டினார். ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி ஒலித்தது. பிறகு இரண்டு வால்வின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தார். "நாளைக்குப் பழுதுன்னு கொண்டாந்தா, நான் குடுத்ததுதானான்னு எனக்குத் தெரியணும்ல." மாப்பிள்ளைக்குப் பொட்டு வைக்கிறார் என்று நீ சிரித்தாய். கிளம்பும்போது அவர் கேட்டார்: "வீட்டுல எர்த் இருக்கா? எர்த் இல்லாட்டி இது உறுமும்." "எங்க வீட்ல எல்லாம் இருக்கு நானா" என்றாய் நீ. அவர் என்னைக் கேட்கவில்லை. வாங்குகிறவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. பெட்டி வந்து சில மாதம் ஆகியிருந்தது. கடைத்தெரு நண்பர்கள் மூன்று பேரை மாடிக்குக் கூப்பிட்டிருந்தாய். நான் வாசற்படியில் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். அதே தட்டைப் போட்டாய். அவர்கள் வாயைப் பிளந்தார்கள். "தேடித் தேடி எடுத்தது. ரெண்டு பெட்டியும் கேட்டுப் பாத்தேன். காது சொல்லிச்சு, இதுதான்னு" என்றாய். அது யார் காது என்று நீ சொல்வாய் எனக் காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. அதனால் நானே வாயைத் திறந்தேன். "தவில்ல ஒரு பக்கம் விரல், ஒரு பக்கம் குச்சி. ரெண்டும் வேற வேறயா விழுறது கேக்குதா? அதுக்குத்தான் வால்வு."

நகைக்கடைக்காரர் மகன் என் செருப்பைப் பார்த்தான். "இவரு யாரு? கடையில புதுசா சேர்ந்தவரா?"

நீ எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டாய். "இதக் கேளு. அடுத்த பக்கம் இன்னும் நல்லா இருக்கும்."

அவ்வளவுதான். பதில் சொல்ல ஒரு வார்த்தை போதும் உனக்கு. கூட்டாளி என்ற ஒரு வார்த்தை. தோட்டத்துப் பையன் கடைத்தெரு வீட்டு மாடியில் உட்கார்ந்தால் அவன் வேலைக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஊர் இது. நீ அந்த ஊராகவே நின்றாய்.

முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகு உன் தங்கச்சி என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தாள். "உங்களுக்குக் குடுக்கச் சொல்லி அண்ணன் ஒன்னும் சொல்லலை. எங்களுக்கு இதப் போடத் தெரியாது. வச்சிருந்தா தூசிதான் பிடிக்கும்." பொய் சொல்லாத பெண். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை.

வீட்டில் போட்டேன். உறுமியது. நாதஸ்வரத்துக்கு அடியில் லொறி ஒன்று நின்று புகை விடுவது போல. அம்மா துடைக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "இது கடிக்குதுடா." எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வயரிங்கில் எர்த் கிடையாது. இத்தனை குடும்பம் இருக்கும் வரிசையில் யாரும் போடவில்லை. ஒரு செப்புக் கம்பியை வாசலில் மண்ணுக்குள் இறக்க வேண்டும். அதற்குத் தோட்டத்து ஆபிசில் கேட்க வேண்டும். கேட்டேன்.

கணக்கப்பிள்ளை ஐயா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "லயத்தடி நெலம் கம்பனியோடது தம்பி. ஆணி அடிக்கணும்னாலும் தொரை கையெழுத்து வேணும்."

"கரண்ட் அடிக்குதுங்க. அதுக்குத்தான் கேக்குறேன்."

"இன்னைக்குக் கம்பி அடிப்பீங்க. நாளைக்கு வேலி அடிப்பீங்க."

இதை அம்மாவிடம் சொன்னேன். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கக் கிளம்பியவள் நின்றாள். "போன மாசம் நாயப் பொதைச்சோம். எவன் கையெழுத்து கேட்டான்? அடிடா."

அடித்தேன். பட்டப்பகலில், வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க. உங்கள் வீட்டு எர்த் கம்பியை யார் அடித்தது, எப்போது அடித்தது என்று உனக்கே தெரிந்திருக்காது. சுவரில் மூன்று ஓட்டை இருக்கும், நீ செருகுவாய், பெட்டி அமைதியாகும். அந்த அறியாமையைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் எரிந்தது. கணக்கப்பிள்ளை கம்பியை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் பிடுங்கச் சொல்வார். பிடுங்க மாட்டேன்.

உறுமல் நின்றது. தட்டைப் போட்டேன். தவிலில் விரல் ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம், தனித்தனியாக விழுந்தன. அம்மாவே திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு பெருமை எனக்கு. பார்த்தாயா, இது என் காது என்று காலியான அறையில் உன்னிடம் சொன்னேன்.

அந்தப் பெருமை ஒரு வாரம் இருந்தது. அடுத்த ஞாயிறு இடது பக்கம் கரகரத்தது. வால்வுகளைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகலாம் என்று ஆறவைத்து எடுத்தேன். தலையில் பொட்டு இல்லை. இரண்டிலும் இல்லை. கண்ணாடிக்குள் இருந்த தகடுகளும் வேறு மாதிரி. பெட்டி வந்த பழைய அட்டைப்பெட்டிக்குள், பஞ்சுக்கு அடியில், டிஷ்யூவில் சுற்றி அந்த இரண்டும் இருந்தன, சிவப்புப் பொட்டோடு.

பொட்டு வைத்ததைச் செருகிக் கேட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தவில் ஒரே தொம்மென்று விழுந்தது. விரலும் குச்சியும் ஒன்றாகிவிட்டன. கழற்றினேன். உன்னுடையதைச் செருகினேன். பிரிந்தன. மறுபடியும் அதே வரிசையில் இரண்டையும் மாற்றிப் போட்டேன். அம்மாவைக் கேட்கச் சொன்னேன். "மொதல்ல போட்டது மொத்தமா இருந்திச்சி. இது பிரிஞ்சு வருது" என்றாள். அம்மாவுக்கு இரண்டு கைகளுமே கேட்டுவிட்டன.

நீ எங்கேயோ தேடி வேறு வால்வு வாங்கிப் போட்டிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னுடையதைத் தூக்கி எறியவும் இல்லை. குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரிச் சுற்றி வைத்திருக்கிறாய். இதற்கு என்ன அர்த்தம்?

உன் நண்பர்கள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே மாற்றியிருந்தால், வாசற்படியில் உட்கார்ந்து நான் மார்தட்டியது உன் தேர்வை வைத்து. காது சொல்லிச்சு என்று நீ சொன்னது உண்மை. இத்தனை நாள் நான் உன்மேல் வைத்த குற்றம் பொய். பின்னால் மாற்றியிருந்தால், அன்று அந்தப் பெட்டியில் கேட்காத ஒன்றைக் கேட்டதாக நான் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. காட்டிக்கொடுக்காமல் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, நான் சொன்னது உண்மையாகக் கேட்கும் வரைக்கும் வால்வு தேடி அலைந்திருக்கிறாய். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்படியானால் உன்னைத் திட்ட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அந்தச் செருப்பைப் பார்த்த கேள்விக்கு நீ பதில் சொல்லாதது மட்டும் மிச்சம். அதை விடமாட்டேன்.

உன் கடையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், மாடியைப் பார்த்து, எர்த்தைப் பார்த்து. அதையெல்லாம் சுமக்கப் பழகிவிட்டது. காது மட்டும் என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

வால்வு சூடாகிவிட்டது. உன்னுடையதுதான் செருகியிருக்கிறது. தூசி மணம் அடங்கிவிட்டது. பெட்டியில் இப்போது உறுமல்கூட இல்லை, நீ எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் கேட்கும். ஊசியை வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்னாலா, பின்னாலா? சொல்லுடா.