மூன்றாவது பகுப்பு

நாள் 402 | 08:10
செவ்வாய், வடசமவெளி விதைக்கூடம். எழுதுபவன் செல்வின், பயிர் உயிரணு ஆய்வாளன். இங்கே இருக்கும் ஒரே ஆள். எனக்குப் பின் பொறுப்பேற்பவருக்காக இந்தக் குறிப்பேடு. முந்தைய பதிவுகளைத் தள்ளிவிடலாம். எல்லாம் ஈரப்பதக் கணக்கு.

அறை வெப்பம் 28 பாகை. நெல் விதைத்து 35 நாள். கதிருக்கு முன் வரும் கடைசி இலையான கண்ணாடி இலை வந்துவிட்டது. அது பிரியும் இடமும் கீழ் இலை பிரியும் இடமும் ஒரே மட்டத்துக்கு வந்தால், உறைக்குள் இருக்கும் பூவில் குன்றல் பகுப்பு நடக்கிறது என்று அர்த்தம். மகரந்தம் உண்டாவது அப்போதுதான்.

340 கிலோமீட்டர் தெற்கே குடியிருப்பு, 58 பேர். நான் உருவாக்கிய, சீக்கிரம் பூக்கும் இந்த நெல்லில் கைவசம் இருந்த விதை முழுவதையும் அங்கே அனுப்பினேன். எனக்கு ஆறு நாள் பிந்தி விதைத்தார்கள். அங்கே முதல் நெற்பயிர் இது. உருளைக்கிழங்கு அழுகிப்போனதால் இனி இதுதான் சோறு.

கிடங்குப் பொறுப்பாளர் முபீனா அக்காவின் செய்தி: "ஏம்ப்பா செல்வின், பூமியில இருந்து வந்த பழைய வெதை நெல்லு மூணு மூட்டை எடத்த அடச்சிக்கிட்டுக் கெடந்துச்சுல்லா, குத்திப் பொங்கியாச்சு. நீதான 'அந்த மந்தப் பயிர எவன் நடுவான், தின்னு தீருங்க'ன்ன. சோறு நல்லாத்தான் இருந்துச்சு. உன் நெல்லு ருசி எப்படின்னு அப்புறம் சொல்லுதேன்."

பதில் அனுப்பினேன்: "ருசி என் துறை இல்லை."

நாள் 404 | 10:40
மகரந்தப் பையை நசுக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். ஒரு தாய்ச்செல் இரண்டு முறை பிரிந்து நான்காக வேண்டும். அதோடு நிற்க வேண்டும். இவை நிற்கவில்லை. மூன்றாவது முறை பிரியப் பார்க்கின்றன. பங்கு போட மிச்சம் ஏதுமில்லை. குரோமோசோம்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன.

சாயம் பழசு என்று நினைத்துப் புதிதாகக் கலக்கினேன். அதேதான். அறுபது பூ பார்த்தேன். அதேதான்.

13:20. புழுதிக்காற்றில் தொடர்புக் கம்பம் விழுந்தது.

நாள் 405 | 09:00
காரணம் கிடைத்தது.

இரண்டாம் பகுப்பு முடிந்ததும் செல்லை நிறுத்த ஒரு புரதம் உண்டு. மற்றப் புரதங்களைத் தயாரிக்கும் கருவிகளைப் பிடித்துச் சின்னச் சின்னத் துளிகளுக்குள் அடைத்துவிடும். தயாரிப்பு நின்றால் பகுப்பும் நிற்கும். என் நெல்லில் அந்தப் புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி, ஒரே ஒரு அமினோ அமிலம், மாறியிருக்கிறது. 24 பாகையில் ஒழுங்காக வேலை செய்கிறது. 26-ஐத் தாண்டினால் மடிப்புக் குலைந்துவிடுகிறது.

மாற்றம் தானாக வந்து உட்காரவில்லை. நான்கு தலைமுறையாக, முதலில் பூத்த செடியிலிருந்து மட்டுமே விதை எடுத்தேன். மற்றதைப் பிடுங்கி எறிந்தேன். சீக்கிரம் பூக்கவைக்கும் மரபணுவுக்கு ஒட்டினாற்போல இந்தப் புரதத்தின் மரபணு. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். முதலாமாண்டு மாணவனுக்குத் தெரிந்த விஷயம். சோதனை எல்லாம் 24-ல் செய்தேன். பத்து நாள் மிச்சமாகும் என்று 28-ல் வளர்க்கச் சொன்னேன்.

குடியிருப்பில் பகுப்பு 408-ல் தொடங்கும். அதற்குள் 23-க்கு இறக்கினால் பயிர் தப்பும். ஒரு வரிச் செய்தி. அனுப்ப வழியில்லை. அவர்கள் கிடங்கில் முழுப் பங்கீட்டுக்கு 92 நாள் சாப்பாடு இருக்கிறது.

என் அறையில் பிந்தி முளைத்த தூர்கள் ஒன்பதில் பகுப்பு இன்னும் தொடங்கவில்லை. அறையை 23-க்கு இறக்கிவிட்டேன்.

நாள் 408 | 16:30
மூன்றாவது முறை வெளியே போனேன். கம்பத்தை நிமிர்த்தினால் காற்று மறுபடி சாய்க்கிறது. கையுறைக்குள் விரல் வீங்கிவிட்டது. சாப்பிடவில்லை. பசி இல்லை, அவ்வளவுதான்.

அங்கே இன்று தொடங்கியிருக்கும்.

நாள் 411 | 11:15
கம்பம் நின்றது. முதல் கேள்வி: "கண்ணாடி இலை வந்துவிட்டதா? வெப்பம் எவ்வளவு?"

பதில்: "தம்பி! உசுரோட இருக்கியா? ஏழு நாளா சத்தத்தையே காணோம். ரெண்டு தடவ துஆ கேட்டேன், ஒரு தடவ திட்டுனேன். கண்ணாடி இலை வந்து நாளாச்சு. இப்ப பயிரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கி. இருபத்தெட்டுதான், ஒரு புள்ளி அசையல, நீ சொன்ன மாதிரியே. ஏன், எறக்கணுமா?"

நான் அனுப்பியது: "இறக்கி வையுங்கள். சும்மாதான்."

சும்மாதான். யாரையும் முகத்துக்கு நேரே முட்டாள் என்று சொல்லிப் பழகியவன் நான். ஆனால் காற்றுக்குழாயை ஒட்டிய வரிசைகள் தப்பியிருக்கலாம். ஒரு மூலை குளிர்ந்திருக்கலாம். உறுதியாகத் தெரியட்டும், சொல்கிறேன்.

நாள் 419 | 07:50
என் ஒன்பது தூரும் பூத்தன. மகரந்தத்தில் அயோடின் விட்டேன், கறுத்தது. உயிருள்ள மகரந்தம். 23-ல் அந்தப் புரதம் வேலை செய்கிறது.

குடியிருப்பிலும் பூத்துவிட்டதாம். பாயசம் வைத்தார்களாம். முழுப் பங்கீடு தொடர்கிறது. இன்று சொல்லலாம் என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். தூக்கம் வருகிறது, படுத்தால் வருவதில்லை.

நாள் 430 | 12:05
"கதிரெல்லாம் வெளிய வந்துட்டு தம்பி! நெட்டக்குத்தா நிக்கி பாரு, பட்டாளத்துக்காரன் மாதிரி. ஒண்ணுகூடத் தல சாயல. பிள்ளைங்க நடுவுல நின்னு படம் புடிச்சுதுங்க. உனக்கும் ஒண்ணு அனுப்பிருக்கேன். நீயும் ஒரு தடவையாச்சும் சிரி."

முபீனா அக்கா கடற்கரைக்காரர். வலை தெரியும், படகு தெரியும். வயல் பார்த்ததில்லை. மணி பிடித்த கதிர் பாரம் தாங்காமல் குனியும். நிமிர்ந்து நிற்பது பதர்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காற்றுக்குழாய் வரிசையும் நிமிர்ந்துதான் நிற்கிறது.

12:30. அனுப்பினேன்: "அக்கா, ஒவ்வொரு வரிசையிலும் நாலு மணியைப் பிதுக்கிப் பாருங்கள். பால் வர வேண்டும்."

14:10. "பிதுக்குனேன். வெறும் உமிதான். எல்லா வரிசையும் பாத்துட்டேன்."

14:12. "வெளிய பாடிட்டு இருக்காங்க. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

14:40. "செல்வின், அன்னைக்கு எறக்கி வைன்னு சொன்னீல்லா. இது உனக்கு என்னைக்குத் தெரியும்?"

15:55. அனுப்பினேன்: "405."

நாள் 433 | 09:00
மறுமொழி இல்லை. தினமும் மூன்று முறை அழைக்கிறேன். கம்பம் நன்றாகத்தான் இருக்கிறது. நானே இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

நாள் 436 | 10:20
ஒன்பது தூரையும் அறுத்தேன். 312 மணி. இதை இரண்டு போகம் பெருக்கினால் அத்தனை பேருக்கும் சோறு. அது நாள் 586-ல்தான் கிடைக்கும்.

411-ல் கம்பம் நின்றதுமே பங்கீட்டைப் பாதியாக்கச் சொல்லியிருந்தால் கிடங்கு 583 வரை வந்திருக்கும், மிச்ச மூன்று நாளை என் சாப்பாடு சரிக்கட்டியிருக்கும். 430-ல் பாதியாக்கியிருந்தால் 564 வரைதான். இருபத்திரண்டு நாள் குறைகிறது. நான்கு முறை கணக்குப் போட்டேன். இருபத்திரண்டுதான்.

நாள் 437 | 15:40
தெற்கிலிருந்து வண்டி வருவதைத் திரை காட்டுகிறது. அழைத்தேன். எடுக்கவில்லை. உள்ளே எத்தனை பேர் என்று தெரியவில்லை.

வருபவர்களுக்கு: விதை குளிர்பெட்டியில், இடது தட்டு. 24-க்கு மேல் போகாதீர்கள். முந்திப் பூத்ததை மட்டும் பொறுக்காதீர்கள், எல்லாவற்றிலும் எடுங்கள். இங்கே என் சாப்பாடு ஒரு ஆளுக்கு 140 நாள் இருக்கிறது. தொடவில்லை, நேற்றிலிருந்து.

16:25
வண்டி நின்றது. விளக்கை அணைத்துவிட்டார்கள். யாரும் இறங்கவில்லை.

வெளிக்கதவின் பூட்டை எடுத்துவிட்டேன்