ஓடாத கப்பல்கள்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

வீட்டுக்காரி எழுதுவது. நான் சுகம். உங்கள் அம்மாவும் சுகம்தான். முழங்கால் வலியைச் சாக்காக வைத்து என்னை நன்றாக வேலை வாங்குகிறார். குளியலறைக் குழாயை நானே மாற்றிவிட்டேன். இனி அதற்கு நீங்கள் தேவையில்லை.

எங்கள் அருங்காட்சியகத்தில் பாய்மரக் கப்பல் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறோம். கேமரா வந்த புதிதில் எடுத்தவை. படத்துக்குப் படம் விளக்கம் எழுதுவது என் வேலை. "பாய்மரம்னா நம்பிக்கை, புறப்பாடு, புது வாழ்க்கை. அந்த மாதிரி எழுதும்மா" என்றார் மேலதிகாரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு படம் பதிய நெடுநேரம் பிடிக்கும். அசையாதது மட்டும்தான் தெளிவாக விழும். ஓடுகிற கப்பல் வெறும் புகைமூட்டம். அதனால் கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றிய வேளையில் சேற்றில் உட்கார்ந்துவிட்ட கப்பல்களாகப் பார்த்துப் படம் பிடித்திருக்கிறார்கள். புறப்பாட்டுக்கு அடையாளம் என்று நாம் கொண்டாடுவது எங்கும் போகாத கப்பல்களை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் அதை அடித்துவிட்டு "நம்பிக்கை" என்று போட்டுக்கொண்டார். எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

ஒரு படத்தை மட்டும் கைபேசியில் பிடித்து வந்து அத்தையிடம் காட்டினேன். சேற்றில் நிற்கும் கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு பெண். முகம், உடை எல்லாம் தெளிவு. வலது கை மட்டும் இல்லை. "ஐயோ பாவம், கை என்னாச்சு?" என்றார். "யாருக்கோ கையாட்டிக்கிட்டே நின்னிருப்பா அத்தை, அதான் பதியல" என்றேன். அவள் பார்க்கிற பக்கம் கடலில் ஒரு புகைமூட்டம் இருக்கிறது. அத்தை வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன் எப்ப வர்றானாம்?" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தை இன்னொரு முறை நீட்டிக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று போனில் கேட்டீர்கள். "உங்க இஷ்டம்" என்றேன். அத்தை பக்கத்திலேயே இருந்தார். நான் அழுதால் அவரும் அழுவார், அதனால் அப்படிச் சொன்னேன். எனக்கு இஷ்டமில்லை. போன முறையும் இதுதான் கடைசி என்றீர்கள். போடாதீர்கள்.

முன்பெல்லாம் உங்கள் இடத்தைக் காலியாக விட்டுக் கட்டிலின் ஓரமாகப் படுப்பேன், தூக்கம் வராது. இப்போது நடுவில் படுத்து நன்றாகத் தூங்கிவிடுகிறேன். அதுதான் பயமாக இருக்கிறது. இந்தப் பழக்கம் முற்றுவதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வரவை வேண்டும்,
வீட்டுக்காரி