கை காட்டினால் நிற்கும் பெட்டி

ஐப்பசி 3, திங்கள்
விடியலிலிருந்து தூறல். மேட்டுப்பாளையம் முழுக்கச் சேறு. மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய பாட்டுப் பெட்டி வந்தது. தொடவே வேண்டாமாம். உள்ளங்கை காட்டினால் நிற்கும், மறுபடி காட்டினால் பாடும், விரலைச் சுற்றினால் சத்தம் கூடும். பக்திப் பாட்டுக்குத்தானே என்று சாமி அலமாரியில் வைத்தோம். அவர் கோத்தகிரி பஸ் டிரிப் ஓட்டிவிட்டு வந்து, குளித்து, கற்பூரத் தட்டைச் சுற்ற, பாட்டு தெருவுக்கே அலறியது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "ஏனுங்க, ஊட்ல ஏதாச்சும் விசேசமுங்களா?" சிரித்துச் சிரித்து வயிற்று வலி.

ஐப்பசி 4, செவ்வாய்
பெட்டியை டிவி பக்கம் மாற்றியாச்சு. வாங்க: து. பருப்பு, கற்பூரம், அவர் சட்டைக்குக் காக்கி பட்டன்.
என் கைக்குச் சொன்னபடி கேட்கிறது. அவர் காட்டினால் நிற்கிறது, பாடுகிறது, நிற்கிறது, பாடுகிறது. "சனியன், என்னையக் கண்டாலே ஆகமாட்டீங்குது இதுக்கு." பெட்டிக்கு டிரைவர் என்றால் பயம் என்று கிண்டல் செய்தேன்.

ஐப்பசி 6, வியாழன்
ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் கை காட்டினார், நின்றது. டீ கொண்டு வந்தவர் காட்டினார், அதற்கும் நின்றது. "பொட்டி நல்லாத்தானுங்க்கா இருக்குது. உங்க ஊட்டுக்காரரக் கைய ஆட்டாமக் காட்டச் சொல்லுங்க."
வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில். சாப்பிடும்போது கவனித்தேன். ரசம் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். எப்போதிலிருந்து? கூடவே இருந்தும் நான் பார்க்கவில்லை. மலைப்பாதை, மழை, ஒரு பஸ் ஜனம். என் சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

ஐப்பசி 7, வெள்ளி
கேட்டே விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க என்றேன். "தூக்கம் பத்தல அம்மணி, வேறொண்ணுமில்ல." பெட்டியைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். வெளியே சொன்னால் அவர் வேலை என்னாகும்? சொல்லாவிட்டால்? பயமாக இருக்கிறது. மகளிடம் வாயே திறக்கவில்லை.

ஐப்பசி 9, ஞாயிறு
மழை விடவில்லை. சொல்லாமல் போய் அவர் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட். கண்ணாடியில் பார்த்தார், வண்டியை எடுத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்வரை கை சரிதான். கியருக்கு எடுக்கும்போது தடவித் தேடியது. பக்கத்து சீட்டில் ஒரு கைக்குழந்தை, அம்மா தோளில் தூக்கம். வளைவுக்கு வளைவு முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.
கோத்தகிரியில் டீக்கடை ஓரம் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். "எறங்கறப்ப நீ இதுல வரவேண்டாம் அம்மணி. அடுத்த பஸ்ஸுல வந்துரு."
"அப்ப உங்களுக்கும் பயந்தானுங்களா?"
டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் நேராக பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரிடம் போய் அவர் கை நடுக்கத்தைச் சொல்லிவிட்டேன்.
வேறு டிரைவர். பஸ் அதேதான். நாங்கள் பின் சீட்டில். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே வந்து சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே வந்தார்.